மரம் விடும் ஆவி

மரம் காற்றைச் சுத்தம் செய்யும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். அதே மரம் காற்றில் ஹைட்ரோகார்பனையும் விடுகிறது என்றால் நம்புவீங்களா, நண்பர்களே?

இலையிலிருந்து வருவதில் முக்கியமானது ஐசோப்ரீன். ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். இயற்கை ரப்பர் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இதுதான். ஓக், பாப்லர், யூகலிப்டஸ் மரங்கள் இதை நிறைய விடும். வெயில் ஏற ஏற அளவும் ஏறும், ராத்திரியில் நின்றுவிடும். உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 50 கோடி டன்!

பைன் மரம் விடுவது பைனீன். டர்பன்டைனில் இருப்பதும் அதுதான். பெயின்ட் வேலை முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் அடிக்கும் வாசனைக்கு இப்படி ஒரு பேர் இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். "அதுக்கும் பேரு வச்சுட்டாங்களா?" என்று சிரித்தார்.

கோடையில் மலைகள் மேல் தெரியும் நீலப் புகைமூட்டத்துக்கு இந்த ஆவிகளே காரணம் என்று 1960-ல் எழுதினார் தாவரவியலாளர் பிரிட்ஸ் வென்ட். இவை ஆக்சிஜனேற்றம் அடைந்து நுண்துகள்களாகின்றன. துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன.

இனி கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயமே இங்கேதான் இருக்கு. காற்றிலுள்ள ஹைட்ராக்சில் ராடிக்கல் ஐசோப்ரீனைத் தாக்கும். பகலில் ஓரிரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும் (மீத்தேன் சுமார் பத்து வருஷம் தாங்கும்!). அப்போது ஆக்சிஜன் சேர்ந்து பெராக்சி ராடிக்கல் உண்டாகும். அது நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். வெயில் பட்டு அது உடையும். பிரிந்த ஆக்சிஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். மேலே இருந்தால் நம்மைக் காக்கும் ஓசோன், தரைமட்டத்தில் நுரையீரலுக்குக் கெடுதல்.

அப்போ மரம்தான் குற்றவாளியா? 1980 தேர்தலில் ரொனால்ட் ரீகன் மாசுக்குச் செடிகொடிகளைக் காரணம் காட்டிப் பேசினார். ஒரு கல்லூரி மாணவர்கள் மரத்தில் கேலி அட்டை மாட்டிவிட்டார்கள். முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. ஆனால் அவர் விட்டது பாதிக் கணக்கு. நைட்ரஜன் ஆக்சைடு மிகக் குறைவான காட்டில் ஐசோப்ரீன் ஓசோனைக் குறைக்கவே செய்யும். அந்த ஆக்சைடை நகரத்தில் பெரும்பாலும் தருவது எஞ்சினும் கொதிகலனும்.

1988-ல் ஷமைடிஸ் குழுவினர் மரங்கள் நிறைந்த அட்லாண்டா நகரை ஆராய்ந்தார்கள். மனிதர் விடும் ஹைட்ரோகார்பனை மட்டும் குறைத்தால் அங்கே போதாது, மரத்தின் பங்கே மிச்சம் நிற்கும் என்று தெரிந்தது. குறைக்க வேண்டியது நைட்ரஜன் ஆக்சைடைத்தான். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்களே, அது உங்க டிபார்ட்மென்ட்!