மேடான் நகரில் மினாங்கபாவ் வணிகர்

கடல் கடந்து வந்து கடை வைத்துப் பிழைப்பவர்கள் நாம் மட்டுமல்ல. மேற்குச் சுமத்ராவின் மலைநாட்டைச் சேர்ந்த மினாங்கபாவ் முஸ்லிம்களும் ஊர் விட்டு ஊர் சென்று வாழ்பவர்களே. நெகிரி செம்பிலானில் அவர்கள் வழிவந்தோரை நாம் அறிவோம். அவர்கள் மேடான் நகரில் நிலைபெற்ற விதத்தை இங்கே சுருக்கமாகக் கவனிப்போம்.

மினாங்கபாவ் மக்களிடம் பூர்வீக நிலமும் வீடும் தாய்வழியாகப் பெண்மக்களைச் சேரும். முற்காலத்தில் ஆண்பிள்ளைகள் சிறு வயதிலேயே சூராவில் தங்கி ஓதிப் பழகுவார்கள்; வாலிபமானதும் பொருள் தேட வெளியூர் புறப்படுவார்கள். இவ்வழக்கத்துக்கு 'மெரந்தாவ்' என்று பெயர்.

1863-ல் நியன்ஹைஸ் என்னும் டச்சுக்காரர் டெலிக்கு வந்து புகையிலை பயிரிடத் தொடங்கினார். தோட்டங்கள் பெருகவே, சிற்றூராயிருந்த மேடான் பெருநகராயிற்று. தோட்டங்களுக்குச் சீனரும் ஜாவானியரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். மினாங்கபாவ் மக்களோ பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. துணி விற்றார்கள், தையல் தொழில் செய்தார்கள், சோற்றுக்கடை வைத்தார்கள். கோத்தா மக்சும், சுக்காராமை முதலிய பகுதிகளில் திரளாகக் குடியேறினார்கள். அதே நகரில் நம்மவர் வாழ்ந்த கம்போங் கெலிங், இன்று கம்போங் மெட்ராஸ் எனப்படுகிறது.

வியாபாரிகளின் பின்னே கல்வியும் வந்தது. மினாங்கபாவ் அறிஞர் ஹம்கா 1936-ல் மேடானுக்கு வந்து 'பெடோமான் மஷராகாட்' என்னும் வார இதழை நடத்தினார். 1958-ல் மேற்குச் சுமத்ராவில் மத்திய அரசை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. 1961-ல் அது அடங்கியது. அக்காலத்தில் இன்னும் பலர் ஊரைவிட்டு மேடானுக்கும் ஜகார்த்தாவுக்கும் சென்றார்கள்.

இனி, நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அவர்களுடைய சோற்றுக்கடைக் கணக்கு. பல பாடாங் உணவுக்கடைகளில் மாதச் சம்பளம் இல்லை. லாபத்தைப் பங்கிடுகிறார்கள். பங்குக்கு 'மாத்தோ' என்று பெயர். பெரும்பாலும் 100 நாட்களுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, செலவு கழித்து, ஜகாத் ஒதுக்கி, மிஞ்சியதில் முதல் போட்டவருக்கு ஒரு பகுதி, உழைத்தவர்களுக்கு ஒரு பகுதி என்று பிரிக்கிறார்கள். சமையற்காரருக்குப் பங்கு அதிகம். தட்டுக் கழுவும் பையனுக்குக் குறைவு. ஆனாலும் அவனுக்கும் பங்கு உண்டு. வேலை கற்று உயர உயர அவன் பங்கும் உயரும். பங்கைச் சேமித்துப் பின்னர் தனிக்கடை வைத்தவர்கள் அநேகர்.

வாங்கும் வெங்காயம் வீணானால் தன் பங்கும் குறையும் என்று தெரிந்த பையனை அதட்ட வேண்டியதில்லை. கணக்கை மறைக்கும் முதலாளியிடம் இம்முறை நில்லாது. ஆகவே இதற்கு ஆதாரம் அமானிதமே.

நம் கடைகளிலோ, பிள்ளைகள் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டால், தகப்பனார் காலத்தோடு கடை மூடப்படுகிறது. இருபது வருஷம் நம்மிடம் உழைத்தவர் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறார். அவருக்குப் பங்கு கொடுத்திருந்தால் கடையும் நிலைத்திருக்கும்; அவர் குடும்பமும் பிழைத்திருக்கும். இவ்வருஷக் கணக்கை முடிக்குமுன் இதை நாம் ஒவ்வொருவரும் யோசிப்போமாக.