திரை அச்சுக் கூடங்களில் தொழிலாளர் நலம்

துணி, காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் முதலிய பலவகைப் பொருள்களின்மீதும் படமும் எழுத்தும் பதிக்கவல்லது திரை அச்சு முறை. இதற்குப் பெரிய இயந்திரமோ மிகுந்த மூலதனமோ வேண்டுவதில்லை. ஒரு மேசை, வலைத்துணி கட்டிய ஒரு சட்டம், சிறிது மை, இரண்டொருவர் உழைப்பு ஆகியவையே போதும். ஆதலால் நம் நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும், ஓரறைக் கூடங்களில்கூட இத்தொழில் பரவியுள்ளது. குஜராத்தில் ஜேத்பூரில் அச்சாகும் பருத்திச் சேலைகள், திருப்பூர்ப் பின்னலாடைகளின்மீதுள்ள படங்கள், கடைகளில் கிடைக்கும் துணிப்பைகள் ஆகியவற்றுள் பல இம்முறையில் உருவாவனவே.

கையால் அச்சிடும் கூடத்தில் விரலை நசுக்கும் உருளையோ, செவியை அடைக்கும் இரைச்சலோ இல்லை. எனவே இது அபாயமற்ற தொழில் என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து பிழையானது. இங்குள்ள அபாயம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது சுவாசிக்கும் காற்றிலும், மை படிந்த கையிலும் உறைகின்றது. அதிலும், அச்சிடும் வேளையைக் காட்டிலும், அச்சிட்டபின் திரையைத் துடைக்கும் வேளையிலேயே அது மிகுதியாகும். களப்பணியாளரும் ஆசிரியரும் முதன்மையாக அறிய வேண்டியது இதுவே.

தொழில் நடைபெறும் முறை

மரத்தாலோ உலோகத்தாலோ ஆன சட்டத்தில் நுண்ணிய வலைத்துணி இழுத்துக் கட்டப்படுகிறது. முற்காலத்தில் இதற்குப் பட்டுத்துணி பயன்பட்டது. இப்பொழுது பாலியெஸ்டர் வலை வழக்கத்தில் உள்ளது. ஒளிபட்டால் இறுகும் இயல்புள்ள பசையொன்றை இவ்வலையின்மீது பூசி இருட்டில் உலர்த்துவர். படம் வரைந்த தெளிதாளை அதன்மேல் வைத்து ஒளியைச் செலுத்தினால், ஒளிபட்ட இடம் இறுகும். படத்தின் நிழல் விழுந்த இடம் இறுகாமல் நின்று, நீரில் கழுவும்போது கரைந்து போகும். அவ்வாறு திறந்த கண்களின் வழியே, ரப்பர் பட்டையால் தள்ளப்படும் மை கீழேயுள்ள துணியிலோ தாளிலோ பதிகிறது. சேலை அச்சிடும் நீண்ட மேசைகளில், இருபுறமும் இருவர் நின்று திரையைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்ந்து செல்வர்.

வேலை முடிந்ததும் வலைக்கண்களில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளாதிருக்கத் திரையை உடனே துடைத்தாக வேண்டும். நீரில் கரையும் மையாயின் நீரே போதும். எண்ணெய் அல்லது பிளாஸ்டிக் கலந்த மையாயின் மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் போன்ற கரைப்பான்களைத் துணியில் நனைத்துத் துடைக்கின்றனர். தின்னரில் டொலுவீன், சைலீன் முதலியவை கலந்திருப்பது வழக்கம்.

கரைப்பானின் ஆவி

அச்சிடும்போது மையில் சிறிதளவே உள்ள கரைப்பான், துடைக்கும்போது திரை முழுவதும் பரவி விரைவில் ஆவியாகிறது. தொழிலாளியோ முகத்தைத் திரைக்கு அருகே தாழ்த்தி நிற்கிறார். ஆகையால் குறுகிய நேரத்தில் பெருமளவு ஆவி அவரது நுரையீரலை அடைகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், கண்ணெரிச்சல் ஆகியவை உடனே தோன்றும் குறிகள். மாலையில் தோன்றும் தலைவலி விடுமுறை நாளில் வராதிருப்பின், அது வேலையிடத்தால் விளைவது என ஐயுறல் வேண்டும். பல ஆண்டுகள் இவ்வாவியை மிகுதியாகச் சுவாசிப்பவருக்கு நினைவாற்றலும் நரம்பு மண்டலமும் தளர்வுறக்கூடும்.

டொலுவீன் ஆவி காற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனமுடையது. திரையிலிருந்து எழும் அடர்ந்த ஆவி மேலே செல்லாமல் மேசை வழியே வழிந்து தரையை நோக்கிச் செல்லும். எனவே கூரையருகே பொருத்திய காற்றுப்போக்கி இதற்கு அதிகம் பயன்படாது; கூரை விசிறியோ ஆவியை அறை முழுவதும் கலக்கிவிடும். மேலும் டொலுவீன் 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும். நம் நாட்டுக் கோடையில் மூடாத ஒரு தின்னர் டப்பா, பீடி நெருப்புக்கோ மின்பொறிக்கோ காத்திருக்கும் வெடிமருந்துக்கு ஒப்பானது.

ஜப்பான் தரும் பாடம்

ஜப்பானில் ஒஸாகா நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் தோன்றியமை 2012 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. வழக்கமாக முதியோரிடம் காணப்படும் அந்நோய் அங்கு இளைஞரையும் நடுவயதினரையும் பற்றியது. பாதிக்கப்பட்டோர் 17 பேர் எனப் பின்னர் அறியப்பட்டது. அக்கூடத்தில் நடைபெற்றது திரை அச்சு அன்று. வேறு வகை அச்சே. ஆனால் கேடு விளைந்தது துடைக்கும் வேலையிலிருந்துதான். மை படிந்த அச்சுப்பொறிப் பகுதிகளை நாள்தோறும் பலமுறை டைகுளோரோபுரோப்பேன் என்னும் கரைப்பானால் துடைத்து வந்தனர். அறையில் காற்றோட்டம் போதவில்லை. வெளியேற்றிய காற்றின் ஒரு பகுதி மீண்டும் அறைக்குள்ளேயே வந்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2014 ஆம் ஆண்டில் அப்பொருளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியது.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்காலத்தில் அந்நாட்டின் கரைப்பான் கட்டுப்பாட்டு விதிகளில் அப்பொருளின் பெயர் இடம்பெறவில்லை. விதியில் பெயரில்லாத பொருள் தீங்கற்றது என்று கொள்ளலாகாது என்பதற்கு இதுவே சான்று.

பைகுரோமேட்டும் தோலும்

ஒளியில் இறுகும் பசையில் சில கூடங்கள் செம்மஞ்சள் நிறமுள்ள பைகுரோமேட் உப்பைக் கலக்கின்றன. இதிலுள்ள குரோமியம் விரலிடுக்குகளில் ஆறாத புண்களை உண்டாக்கும்; தூளைச் சுவாசித்தால் மூக்கின் நடுச்சுவரில் துளை விழவும் கூடும். நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கும் ஏதுவாகும். டயசோ வகைப் பசைகள் கிடைக்கும் இந்நாளில் இவ்வுப்பைக் கைவிடுவதே தக்கது.

கையில் படிந்த மையைத் தின்னரால் கழுவும் பழக்கமும் தீயது. அது தோலின் இயற்கை எண்ணெயை நீக்கி வெடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்து, பிறகு சோப்பினால் கழுவினால் பெரும்பான்மை மை அகன்றுவிடும்.

சட்டத்தின் எல்லை

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையுடன் 10 பேர் அல்லது மின்விசையின்றி 20 பேர் பணிபுரியும் இடத்தையே தொழிற்சாலை என வரையறுத்தது. குரோமியப் புண்ணை அறிவிக்கத்தக்க தொழில்நோய்களுள் ஒன்றாகவும் அது சேர்த்தது. 2020 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்களை 20, 40 என உயர்த்தியது. ஐந்தாறு பேர் உழைக்கும் அச்சுக்கூடம் இவ்விரு வரையறைகளுக்கும் வெளியே நிற்கிறது. தொழிற்சாலை ஆய்வாளர் செல்லாத அவ்விடத்துக்குச் சென்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் களப்பணியாளரும், அத்தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியருமே ஆவர்.

செய்யத்தக்கவை

பாதுகாப்பு முறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. தீங்கான பொருளை மாற்றுதல் முதலாவது. ஆவி எழாமல் தடுத்தல் இரண்டாவது. எழுந்த ஆவியை வெளியேற்றுதல் மூன்றாவது. முகமூடியும் கையுறையும் இறுதியானவை. பல கூடங்களில் இவ்வரிசை தலைகீழாக உள்ளது.

1. இயன்ற வேலைகளுக்கு நீரில் கரையும் மையையே பயன்படுத்துக.

2. கரைப்பான் கலங்களை மூடி வைக்க. நனைந்த துணிகளை மூடியுள்ள உலோகத் தொட்டியில் இடுக.

3. துடைக்கும் வேலையை வாயிலருகே அல்லது திறந்த தாழ்வாரத்தில் நடத்துக. உள்ளே நடத்துவதாயின், தீப்பொறி எழுப்பாத காற்றுப்போக்கியை மேசை மட்டத்துக்குத் தாழப் பொருத்துக. தொழிலாளியின் பின்புறமிருந்து வரும் காற்று திரையைக் கடந்து வெளியே செல்லல் வேண்டும்.

4. துணி முகமூடி தூசியை ஒருவாறு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிவடிகட்டி கொண்ட முகமூடி வேண்டும்.

5. மெல்லிய ரப்பர் கையுறை தின்னரில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் கையுறை மண்ணெண்ணெய்க்கு ஏற்றது. எனினும் டொலுவீன் அதனையும் விரைவில் ஊடுருவும்.

6. அச்சிடும் அறையில் உண்ணுதலும் புகைபிடித்தலும் கூடாது.

காற்று எத்திசையில் செல்கிறது என்பதை அறிய, மெல்லிய நூலிழை ஒன்றை மேசை மட்டத்தில் பிடித்துப் பார்த்தல் போதும். இழை தொழிலாளியின் முகத்தை நோக்கி வளைந்தால், மேசையை இடம் மாற்றி வைக்கச் சொல்லலாம். ஊதுவத்திப் புகையால் இச்சோதனையைச் செய்தல் அறவே கூடாது. அறையில் தீப்பற்றும் ஆவி இருக்கக்கூடும்.

நூலிழைக்கும் மேசையை நகர்த்துவதற்கும் செலவில்லை. ஆயினும் நாள்தோறும் திரையைத் துடைக்கும் ஒருவர் முப்பது ஆண்டுகள் எத்தகைய காற்றைச் சுவாசிப்பார் என்பதை இச்சிறு மாற்றங்கள் பெருமளவு தீர்மானிக்கவல்லன.