வீட்டுக் காப்பகங்களில் விளையாட்டுப் பொருள்களின் தூய்மை

1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளே நோய்க்கு உறைவிடம் என்பதை உணர்ந்த நிர்வாகம், கன்டோன்மென்ட் பகுதியில் அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் கொண்ட புதிய குடியிருப்புகளை அமைத்தது. மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கிய பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்றாகும். எலி புகாத வீடுகளைத் திட்டமிட்ட பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், இம்முயற்சியைப் பற்றி 1914இல் ஒரு நூலே வெளியிட்டார். நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, அது பரவும் வழியை அடைப்பதே மேல் என்பது அவ்வூர் தரும் பாடம்.

தெருக்களுக்குப் பொருந்திய இப்பாடம், இன்று அதே ஊரின் வீடுகளில் உள்ள பொம்மைக் கூடைக்கும் பொருந்தும்.

பிரச்சினையின் தன்மை

தாய்மார் பலர் வேலைக்குச் செல்லும் நகரங்களில், வீட்டின் ஓர் அறையில் நான்கைந்து குழந்தைகளைப் பகல்நேரம் பராமரிக்கும் காப்பகங்கள் இன்றியமையாதன. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் கொண்ட நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விதித்தது. 2022இல் ‘பால்னா’ திட்டம் உருப்பெற்றது. எனினும் தனியார் வீடுகளில் நடப்பவற்றில், தூய்மைப் பொறுப்பு முழுவதும் பராமரிக்கும் பெண்ணின் கையிலேயே உள்ளது.

சிறு குழந்தை உலகை வாயால் அறிகிறது. ஒரு குழந்தை சப்பிய கிலுகிலுப்பையை அடுத்த நிமிடம் மற்றொரு குழந்தை எடுக்கிறது. வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல், கை-கால்-வாய் நோய் ஆகியவை இவ்வழியாகவும் பரவுகின்றன. குழந்தை நோயுற்றால் தாய் வேலைக்குச் செல்ல இயலாது. நாட்கூலி பெறுபவராயின் அன்றைய ஊதியமும் இல்லை.

முதலில் கழுவுதல், பின்னர் கிருமிநீக்கம்

இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். எச்சிலும் அழுக்கும் படிந்த பொருளின்மீது மருந்து தெளிப்பதால் பயன் குறைவு. அழுக்கு மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும்.

பிளாஸ்டிக், ரப்பர் பொம்மைகளைச் சோப்பு நீரில், இடுக்குகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி அலச வேண்டும். பின்னர், 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் 10 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் கலந்து, அதில் பத்து நிமிடம் மூழ்கவைக்க வேண்டும். இக்கரைசலின் செறிவு 0.05 சதவீதம் ஆகும். பிறகு நல்ல நீரில் அலசிக் காற்றில் உலர்த்துதல் அவசியம். அமுக்கினால் ஒலிக்கும் துளையுள்ள பொம்மைகளில் நீர் தங்கிப் பூஞ்சை பிடிக்குமாதலால், அவற்றைத் தவிர்ப்பது நலம்.

துணிப் பொம்மைகளை வெந்நீரிலும் சோப்பிலும் துவைத்து வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். இயன்றவரை அவை ஒரு குழந்தைக்கே உரியனவாக இருத்தல் வேண்டும். மின்கலத்தால் இயங்குபவற்றை, மின்கலத்தை நீக்கியபின் ஈரத்துணியால் துடைக்கலாம்.

சென்னபட்டணப் பொம்மைகள்

கர்நாடகத்தின் பெருமையான சென்னபட்டணப் பொம்மைகளுக்குத் தனிக் கவனம் தேவை. வெட்பாலையின் மென்மரத்தில் கடைந்து அரக்கு பூசப்பட்டவை இவை. வெப்பத்தில் அரக்கு இளகும், ஸ்பிரிட்டில் கரையும், ஊறினால் மரம் வெடிக்கும். ஆகவே கொதிக்கவைத்தலும் ஊறவைத்தலும் கூடா. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, தூய ஈரத்துணியால் மீண்டும் துடைத்து, நிழலில் உலர்த்துவதே முறை. பொம்மைகளை ஓயாது வாயில் வைக்கும் பருவத்தினருக்கு, கழுவத்தக்க பொருள்களைத் தருவதே பொருத்தமாகும்.

இரண்டு கூடை முறை

நான்கைந்து குழந்தைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்பவருக்கு நேரமே பெரும் தடை. இதற்கு எளிய வழி இரண்டு கூடைகள். ஒன்றில் தூய பொம்மைகள்; மற்றொன்று குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். வாயில் வைக்கப்பட்ட பொருள் உடனே இரண்டாம் கூடைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள் நண்பகலில் உறங்கும் வேளையில், ஒருவர் அருகிலிருந்து அவர்களைக் கவனிக்க, அக்கூடையைக் கழுவிவிடலாம். ஒரு தொகுதி உலரும்போது மற்றொரு தொகுதி பயன்படும். வாயில் வைக்கப்படாத பொருள்களை வாரம் ஒருமுறை கழுவினால் போதும். இதனால், 2024இல் கடும் தண்ணீர்ப் பற்றாக்குறையைக் கண்ட பெங்களூரில் நீரும் மிச்சமாகும். குழந்தை நோயுற்றிருந்தால் அது தொட்டவை அனைத்தையும் அன்றே தூய்மை செய்ய வேண்டும்.

எச்சரிக்கைகள்

கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரிக்க வேண்டும். நாள்பட்டால் வீரியம் குறையும். கழிப்பறை கழுவும் அமிலத்துடன் அதைக் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்துப் பணிசெய்தல் வேண்டும். திரவத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைப்பது பெரும் ஆபத்து.

முடிவுரை

பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய ஆணை 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அம்முத்திரை பொருளின் தரத்துக்கே சான்று. அன்றாடத் தூய்மைக்கு அன்று. காப்பகத்தைப் பார்வையிடும் அலுவலரும், பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோரும் ஒரு கேள்வியை முதலில் கேட்கலாம்: குழந்தை வாயில் வைத்த பொம்மை அடுத்து எங்கே செல்கிறது? இதற்குத் தெளிவான விடை கிடைக்கும் வீட்டில், நோய் பரவும் ஒரு வழியேனும் அடைபட்டிருக்கிறது எனலாம்.