சாமி, தாயி, மக்கா

அன்பு மருமகளுக்கு,

கோயம்புத்தூர் விடுதியில் சமைக்கிற அம்மா உன்னைச் "சாமி" என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தாய். பக்கத்து அறைப் பெண்ணை நீ "ஏட்டி" என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டதாம். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கொங்குச் சீமையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடமும் "சாப்டீங்களா சாமி", "வாங்க கண்ணு" என்று 'ங்க' போட்டுப் பேசுவார்கள். பெண் பிள்ளையை "அம்மிணி" என்பார்கள். அங்கே செல்லம் கூடக் கூட மரியாதையும் கூடும். அந்த அம்மா உன்னை நையாண்டி செய்யவில்லை, தன் பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போனால் மூன்று வயதுப் பேத்தி "தாயி", பேரன் "அப்பு" அல்லது "அய்யா". இதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு. பிள்ளைக்குத் தாத்தா, பாட்டி பெயரை வைப்பது நம் வழக்கம். மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதும் பழைய கட்டுப்பாடு. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதவள் "அய்யா" என்றும் "ஆத்தா" என்றும் கூப்பிட்டுப் பழகினாள்.

கன்னியாகுமரிக்காரர்கள் ஒற்றைப் பிள்ளையைக்கூட "மக்களே" என்பார்கள். "மக்களே, சாப்பிட்டியா?" என்று ஒரு தாய் கேட்டால் கூப்பிடுவது பன்மை, வினை ஒருமை. கூட்டாளிகளுக்குள் அது "மக்கா" ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் "என்ர ராசா", "என்ர குஞ்சு" என்று கொஞ்சுவார்கள். வயதானவர்கள் இளையவர்களை "மோனை" என்பார்கள். 'குஞ்சு' என்றால் நம் ஊர்ப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அங்கே அது தாய்க்கோழியின் சிறகுக்குள் இருக்கிற குஞ்சுதான்.

இதெல்லாம் இலக்கணப் பிழையில்லையா என்று கேட்பாய். பிழையாகத் தெரிந்தாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்று பத்தாம் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? மகளைப் பார்த்து "வாடா ராசா" என்பது பால் வழுவமைதி. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழுவமைதி. உவப்பு மிகுந்தால் திணையும் பாலும் மாறலாம் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பவணந்தி முனிவர் இடம் கொடுத்துவிட்டார்.

இனி உன் "ஏட்டி"க்கு வருகிறேன். திருநெல்வேலியில் ஆச்சி பேத்தியை அப்படித்தான் கூப்பிடுவாள், தோழியும் தோழியை அப்படித்தான் கூப்பிடுவாள். "எங்கட்டி போன இவ்வளவு நேரம்?" என்பதில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். பையன்களுக்கு "ஏலே". அதைச் சட்டென்று சொன்னால் கூப்பாடு, இழுத்துச் சொன்னால் அதட்டல், குரலைத் தாழ்த்திச் சொன்னால் ஆறுதல். ஆனால் பழக்கமில்லாத காதில் இந்த வேறுபாடு எதுவும் ஏறாது. 'டி' மட்டும்தான் விழும். உன் தோழிக்கும் அதுதான் விழுந்திருக்கும். அவளிடம் விளக்கிச் சொல், நாளைக்கு அவளே உன்னை "ஏட்டி" என்று கூப்பிடுவாள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இதே "ஏலே"யை வைத்துத்தான் தலை நரைத்த கூலியாட்களைப் பண்ணையார் வீட்டுச் சிறுவர்கள் அதிகாரம் பண்ணினார்கள். திருப்பி அப்படிக் கூப்பிட அந்தப் பெரியவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. எதிராளியும் உன்னை அதே சொல்லால் கூப்பிட முடியுமா, இல்லையென்றால் உன்னைவிட இளையவரா, உன் மடியில் வளர்ந்தவரா என்று பார். எதுவும் இல்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடு. சாதியைக் காட்டிக் கூப்பிடுகிறவன் எவ்வளவு குழைந்து கூப்பிட்டாலும் அது கொஞ்சல் ஆகாது.

கல்லூரி நூலகத்தில் கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வெளிவந்த 'வட்டார வழக்குச் சொல்லகராதி' இருக்கிறதா என்று பார். பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யும் கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யும் இருந்தால் எடுத்துப் படி. இவை காடு கழனியிலும் திண்ணையிலும் கேட்டுச் சேர்த்த சொற்கள்.

நீயும் ஒரு நோட்டுப் போடு. சொல்லை மட்டும் எழுதினால் போதாது. யார் யாரை எப்போது அப்படிக் கூப்பிட்டார் என்பதையும் எழுது. விடுமுறைக்கு வரும்போது முதலில் ஆச்சியிடம் உட்கார். அவளுக்குத் தெரிந்ததில் பாதி எந்த அகராதியிலும் ஏறவில்லை.

அன்புடன்,
மாமா