போர்வெல்லையும் அளந்து பாருங்கள்

பவானிபூர், கொல்கத்தா

அன்புள்ள ஈரோட்டு வாசகருக்கு,

வாரம் தவறாமல் பாதித் தண்ணீரை மாற்றியும் உங்கள் மீன்தொட்டியில் நைட்ரேட் 40க்குக் கீழே இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மீன்களைக் குறைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறேன் என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

மீன்களைத் தொடாதீர்கள். முதலில் போர்வெல் தண்ணீரை அளந்து பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டுத் தரம். தமிழ்நாட்டில் பல கிணறுகள் அதைத் தாண்டிவிட்டன. வயலுக்குப் போட்ட உரமும் செப்டிக் டேங்க் கசிவும் மழையோடு நிலத்தடிக்கு இறங்கிவிடுகின்றன. அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில நைட்ரேட் சோதனைக் கிட்களில் இரண்டாம் குப்பியின் அடியில் பொடி தங்கியிருக்கும். நன்றாகக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும்.

ஏன் சந்தேகப்படுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட்டே இல்லை, தொட்டியில் வாரம் 10 சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் பாதி மாற்றினால் மாற்றுவதற்கு முன் 20இல் போய் நிலைக்கும். கால் பங்கு மட்டும் மாற்றினால் 40இல் நிலைக்கும். நீங்கள் பாதி மாற்றியும் 40 என்றால் வாரம் 20 சேர வேண்டும். உங்களிடம் இருக்கும் ஒரு டஜன் கப்பி மீன்களும் ஒருவேளைத் தீனியும் அவ்வளவு சேர்க்காது.

சேர்ந்த நைட்ரேட்டை வெளியேற்றும் வழிக்கு எங்கள் ஊரையே பாருங்கள். இங்கே கொல்கத்தாவின் கழிவுநீரில் பெரும்பகுதி கிழக்கே போகிறது. 1980களில், மாநில அரசில் பொறியாளராக இருந்த துருவஜோதி கோஷ் அது எங்கே போய்ச் சேருகிறது என்று தேடிக்கொண்டு போனார். ‘பேரி’ என்று வங்காளிகள் சொல்லும் ஆழமில்லாத மீன்குளங்களைக் கண்டார். வெயிலும் பாக்டீரியாவும் கழிவைச் சிதைக்கின்றன. அதில் பாசி பெருகுகிறது. பாசியை மீன் தின்கிறது. கரையோரம் ஆகாயத்தாமரை வளர்த்து அலையிலிருந்து கரையைக் காக்கிறார்கள். 12,500 ஹெக்டேர் கொண்ட இந்த ஈரநிலம் 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோஷ் 2018இல் மறைந்தார். காலையில் ஜதுபாபு பஜாரில் ரோகு வாங்க நிற்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். கழிவில் இருந்த நைட்ரஜனில் ஒரு பங்கு, மீனாகக் குளத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது அல்லவா?

உங்கள் தொட்டியில் அந்த வேலையைச் செடி செய்யும். மிதக்கும் செடிகள் கரியமில வாயுவைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் வேகமாக வளரும். மணி பிளாண்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீருக்குள் விட்டுவைத்தாலும் போதும், நன்றாக உறிஞ்சும். ஆனால் வாரம் ஒருமுறை கைப்பிடி கைப்பிடியாகச் செடியை அள்ளி வெளியே போட வேண்டும். உள்ளேயே விட்டால் இலை அழுகி, எடுத்ததையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். செடி வளர்க்கும் பலர் தவறவிடுவது இதைத்தான். வெட்டிய செடியை ஏரியிலோ வாய்க்காலிலோ மட்டும் போட்டுவிடாதீர்கள், பூந்தொட்டிக்கு எருவாகட்டும்.

போர்வெல்லில் அளவு அதிகம் என்று தெரிந்தால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ கலந்து ஊற்றுங்கள். முழுக்க ஆர்.ஓ. வேண்டாம், கப்பிக்குக் கொஞ்சம் கடினநீர் தேவை.

சுழியம் வரை இறக்கவும் முயல வேண்டாம். நைட்ரேட் செடிக்கு உணவு. அது தீர்ந்துபோனால் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். நீலப்பச்சைப் பாசி வழவழவென்று படரவும் வாய்ப்புண்டு. 10 முதல் 20 வரை இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். 40இலும் கப்பிகள் உடனே செத்துவிடாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும்தான் மீனை விரைவில் கொல்பவை.

கிட்டில் வந்த எண்ணையும், அது நைட்ரேட்டா நைட்ரேட்-நைட்ரஜனா என்பதையும் எழுதுங்கள். பின்னது என்றால் 4.4ஆல் பெருக்க வேண்டும். அதுவரை ஒரு மீனைக்கூட யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
பவானிபூரிலிருந்து உங்கள் நண்பன்