நம்பரைச் சேமித்து வைப்பவர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதமும் சிறுகதைத் தொகுப்பும் கிடைத்தன. கதைகளைப் பற்றித் தனியே எழுதுகிறேன். நான்காவது கதை நன்றாக வந்திருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது வேறு. ‘ஃபேஸ்புக்கில் விடாமல் போடுங்க சார்’ என்றார் பதிப்பாளர். அட்டைப்படம் போட்டீர்கள், ஐம்பது பேரை டேக் செய்தீர்கள், வாழ்த்துகள் குவிந்தன. முன்பதிவுக்கு ஜிபே செய்தவர்கள் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. நண்பர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள்.

அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்துவதுபோல வாழ்த்தினார்கள், அவ்வளவுதான். உங்கள் பக்கத்தை முழுக்கப் பார்த்தேன். அட்டைப்படம், பின்னட்டை, சலுகை விலை, புத்தகக் காட்சி ஸ்டாலில் எடுத்த செல்ஃபி எல்லாம் இருக்கின்றன. கதையிலிருந்து ஒரு பத்தி இல்லை! நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்பதே தெரியாதவர் எதை நம்பி இருநூறு ரூபாய் அனுப்புவார்?

உங்களுக்கென்று ஒரு இணையதளம் தொடங்கி, அந்த நான்காவது கதையை அதில் முழுசாகப் போடுங்கள். ‘இலவசமாகப் படித்துவிட்டால் புத்தகத்தை யார் வாங்குவார்கள்?’ என்று கேட்பீர்கள். ஆண்டி வியரின் கதையைக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். செவ்வாய்க் கிரகத்தில் தனியே மாட்டிக்கொண்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைத்துக் கிடக்கும் ‘தி மார்ஷன்’ நாவலை 2009இல் எழுத ஆரம்பித்து, அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் சும்மாவே கொடுத்தார். வேதியியல் தெரிந்த வாசகர்கள் கணக்கில் பிழை கண்டு எழுதினார்கள்; திருத்தினார். மின்நூலாக வேண்டும் என்றார்கள், செய்து கொடுத்தார். கிண்டிலில் இருந்தால் வசதி என்றார்கள். அங்கே இலவசமாக வைக்க வழியில்லாததால் 2011இல் 99 சென்ட் விலை போட்டார். தளத்தில் காசில்லாமல் கிடைத்த அதே நாவலை ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கினார்கள். 2014இல் பெரிய பதிப்பகம் அச்சிட்டது, 2015இல் சினிமாவும் வந்தது.

சினிமாவை விடுங்கள், அது குருட்டு அதிர்ஷ்டம். நான் பார்க்கச் சொல்வது 2009க்கு முந்தைய காலத்தை. படக்கதையும் சிறுகதையும் வருஷக்கணக்கில் தன் தளத்தில் போட்டுப் போட்டு, அடுத்தது எப்போது என்று கேட்கும் ஒரு சிறு கூட்டத்தை அவர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார். பிழை திருத்தியதும் கிண்டிலுக்குப் போகச் சொன்னதும் அந்தக் கூட்டம்தான்.

நம்மூரில் இதற்கு ஜெயமோகன் இருக்கிறார். அவர் எழுத்து பிடிக்கிறதா இல்லையா என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். 2014 ஜனவரியில் அவருடைய ‘வெண்முரசு’ நாவல் வரிசை தொடங்கியது. நாவலுக்கு நாவல் சிறு இடைவெளி விட்டு, தினம் ஒரு அத்தியாயம் என்று 2020 வரை இணையத்தில் வந்தது. மொத்தம் 26 நாவல்கள். வாசகர் கடிதங்களைப் பதிலோடு தளத்திலேயே வெளியிடுகிறார். திரையில் படித்தவர்கள் பலர் கோவையில் அவருடைய வாசகர் வட்டம் நடத்தும் விஷ்ணுபுரம் விருது விழாவுக்கு ஊர் ஊராக ரயில் ஏறி வருகிறார்கள். ஒரு லைக்குக்கு அவ்வளவு பலம் கிடையாது.

உங்களுக்கென்று ஒரு தளம் இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் முன்னுரிமைகளை மாற்றி, நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளை மேலே கொண்டுவந்தது. பக்கம் நடத்தியவர்களின் பதிவுகள் கீழே போயின. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குக்கு இந்தியாவில் தடை வந்தபோது, லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்தவர்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. ஃபேஸ்புக்கை விட்டு ஓடச் சொல்லவில்லை. அங்கே கடைவிரியுங்கள், வந்தவரைத் தளத்துக்குக் கூட்டிப்போங்கள்.

வாட்ஸப்பும் உதவும். குரூப் ஆரம்பித்துவிடாதீர்கள், இரண்டே வாரத்தில் குட்மார்னிங் ரோஜாக்கள் வந்துவிடும். பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். அதில் ஒரு விசேஷம்: உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். முப்பது பேர் சேமித்திருந்தால் முப்பது வாசகர்கள். கணக்கில் கலப்படம் இல்லை.

முப்பது அற்பம் என்று தோன்றுகிறதா? 1959இல் ‘எழுத்து’ சிற்றிதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகக் கட்டைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவர் வாசகர்களை முகம் பார்த்துச் சேர்த்தார். நமக்குத் தோள்வலி மிச்சம். ஆனாலும் அலுத்துக்கொள்கிறோம்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம். அதற்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் எழுதுங்கள். கமெண்டில் வரும் சண்டைக்குப் போகாதீர்கள், கதையைப் பற்றி யாராவது நாலு வரி எழுதினால் பதில் போடாமல் இருக்காதீர்கள்.

முன்பதிவு செய்தார்களே, அந்தச் சில பேர். அவர்கள் பெயரும் விலாசமும் உங்களிடம் இருக்கும். எந்தக் கதை பிடித்தது, எது இழுவையாக இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே செய்தியை எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள். ஏழாவது கதையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நண்பன்