லீவு தேதியில் இருக்கிறது டிக்கெட் விலை

கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ அழைத்துப்போக நினைக்கும் மாதச் சம்பளக்காரர்கள் முதலில் டிக்கெட் தளத்தைத் திறக்கிறார்கள். விலையைப் பார்த்து மலைத்துப்போய் மூடிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆபீஸ் காலண்டரை. எந்த வாரம் லீவு கிடைக்கும் என்பது முடிவானால் டிக்கெட் விலையில் பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதிக்குத்தான் தேடும் சாமர்த்தியம் வேண்டும்.

ஆளுக்கு 3,000 ரூபாய் வித்தியாசம் தனியாளுக்குப் பெரிதாகத் தெரியாது. நாலு பேர் குடும்பத்துக்கு அது 12,000 ரூபாய். குடும்பப் பயணத்துக்கு என்று தனிக் கணக்கு வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எந்த வாரம் போகலாம்?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஏப்ரலில் முழுஆண்டுத் தேர்வு முடிந்து, ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும். இடைப்பட்ட சில வாரங்களுக்குள்தான் எல்லாக் குடும்பங்களும் போய் வந்தாக வேண்டும். அதிலும் வெள்ளி இரவும் சனிக்கிழமையும் கிளம்பும் விமானங்களுக்கும், மே கடைசி வார இறுதியில் திரும்பும் விமானங்களுக்கும் போட்டி அதிகம். செவ்வாய், புதன் கிளம்பி செவ்வாய், புதனிலேயே திரும்பினால் பெரும்பாலும் விலை இறங்கும். லீவு ஓரிரு நாள் கூடுதலாகலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

போகும் ஊரின் பள்ளி விடுமுறையையும் பாருங்கள். சிங்கப்பூரில் மே இறுதியிலிருந்து ஜூன் இறுதிவரை பள்ளி விடுமுறை. அந்த நேரத்தில் அங்கிருந்தும் கூட்டம் கிளம்பும். எனவே சிங்கப்பூருக்கு ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ போய் வருவது நல்லது. வளைகுடாவில் ஜூலை, ஆகஸ்ட்தான் பள்ளி விடுமுறை. ஜூலை தொடக்கத்தில் அங்கிருந்து இந்தியாவுக்கு வரும் டிக்கெட்டும், ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து திரும்பும் டிக்கெட்டும் எகிறும். துபாயில் வேலை பார்க்கும் கணவரைப் பார்க்க மேயில் போகும் குடும்பம், கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறது. ஜூன் முதல் வாரத்துக்குள் திரும்பிவிட்டால் அந்த நெரிசலில் சிக்க வேண்டியதில்லை.

மேலாளரிடம் எப்படிக் கேட்பது?

ஜனவரியிலேயே கேளுங்கள். உங்கள் டீமில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள எல்லோரும் மே மாதத்தைத்தான் கேட்பார்கள். முதலில் கேட்டவருக்கு வாய்ப்பு அதிகம்.

ஒரே தேதியைக் கேட்காமல், ஓர் இடைவெளியைக் கேளுங்கள். “ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே 20-க்குள் ஏதாவது ஆறு வேலை நாள் லீவு வேண்டும். சரி என்றால் டிக்கெட் விலை பார்த்து இந்த வாரத்துக்குள் தேதியை உறுதி செய்கிறேன்” என்று சொன்னால், மேலாளருக்கும் வசதி, உங்களுக்கும் மலிவான நாளைத் தேர்ந்தெடுக்க இடம் கிடைக்கும். அந்த நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்பதையும் அதே மெயிலில் எழுதிவிடுங்கள். மாதக் கணக்கு முடிக்கும் நாட்களையும், கிளையண்டுக்குக் கொடுத்திருக்கும் கெடு தேதிகளையும் நீங்களே தவிர்த்துக் கேட்டால் மறுக்கக் காரணம் குறையும்.

“பார்த்துக்கலாம், போயிட்டு வாங்க” என்ற வாய்வார்த்தையை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். மெயிலிலோ லீவு போர்ட்டலிலோ ஒப்புதல் வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் சொந்தப் பயணமாக வெளிநாடு போகவும் துறையின் முன் அனுமதி பெற வேண்டும். கோப்பு நகர நாளாகும் என்பதால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் எல்.டி.ஏ. என்ற விடுப்புப் பயணப் படி வருகிறதே, அதில் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அந்த வரிவிலக்கு இந்தியாவுக்குள் செய்யும் பயணத்துக்கு மட்டும்தான். வெளிநாட்டைச் சுற்றிக்கொண்டு போன பயணத்துக்கு அது கிடையாது என்று ஸ்டேட் வங்கி ஊழியர்கள் தொடர்பான வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே இல்லை.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைப் போல 10 ஆண்டு செல்லாது. பொதுவாக 5 ஆண்டுதான். பயணத்துக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. டிக்கெட் எடுத்த பிறகு இதைக் கவனித்து, தட்காலில் புதுப்பிக்க ஓடுவது வீண்செலவு.

இன்ஷியல் வைத்துக்கொள்ளும் நமக்குப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. டிக்கெட்டில் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் எப்படி நிரப்புவது என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. அவர்கள் தளத்தில் படித்துவிட்டு நிரப்புங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவதற்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது. துபாய் போகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம்.

விசாவும் செலவுதான். மலேசியா 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு அளித்த விசா விலக்கை 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறது. சிங்கப்பூருக்குக் கைக்குழந்தை உட்பட ஆளுக்கொரு விசா வேண்டும். நாலு பேர் விசா கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், சில நேரம் டிக்கெட் விலை கூடுதலான ஊரே மொத்தத்தில் மலிவாக இருக்கும்.

நாலு பேருக்குச் சேர்த்துத் தேடாதீர்கள்

ஒரே விமானத்தில் ஒரே வகுப்பில் பல விலைகளில் இருக்கைகள் இருக்கும். மலிவு விலையில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் நாலு பேர் என்று தேடினால், நாலு இருக்கை ஒன்றாகக் கிடைக்கும் அடுத்த விலையைத்தான் எல்லோருக்கும் சேர்த்துக் காட்டும். உதாரணத்துக்கு, இரண்டு இருக்கை 9,000 ரூபாயிலும் மற்றவை 11,500 ரூபாயிலும் இருந்தால், நாலு பேர் தேடலில் வருவது 46,000 ரூபாய். இரண்டு இரண்டாகப் பிரித்து எடுத்தால் 41,000 ரூபாய்.

ஆகவே முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்குத் தேடிப் பாருங்கள். ஆள் கூடும்போது தலைக்கு விலை ஏறினால், பிரித்து எடுங்கள். அப்படிப் பிரிக்கும்போது ஒரு புக்கிங்கில் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று வையுங்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோரில் ஒருவர் அருகிலாவது இருக்கை தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பெரியவர் இருவரும் ஒரு பி.என்.ஆர்., பிள்ளைகள் இன்னொன்று என்றால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

2 வயது நிறையாத குழந்தைக்கு மடியில் இடம், சிறு கட்டணம். ஆனால் திரும்பி வரும் தேதிக்குள் 2 வயது நிறைந்தால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். முழுச் சேவை விமானங்கள் பலவற்றில் 2 முதல் 11 வயதுவரை கட்டணத்தில் சலுகை உண்டு. பட்ஜெட் விமானங்களில் பெரும்பாலும் முழுக் கட்டணம்தான்.

கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டிலும் ஒரு மாதத்தின் எல்லா நாள் விலையையும் ஒரே திரையில் பார்க்கலாம். உங்கள் லீவு இடைவெளிக்குள் மலிவான நாட்களைக் குறித்துக்கொண்டு விலை அலர்ட் வைத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை டிக்கெட் வாங்கினால் மலிவு என்பதையும், மறைநிலை (இன்காக்னிட்டோ) விண்டோவில் தேடினால் விலை குறையும் என்பதையும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். கிளம்பும் நாள்தான் முக்கியம். வாங்கும் கிழமை அல்ல.

சென்னை மட்டும்தானா?

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் சென்னைக்கு வருவதற்குள் ஆகும் செலவில் பாதி மிச்சமாகிவிடும். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் போகலாம். நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரம், ஓசூருக்கு பெங்களூரு, கோவைக்குக் கொச்சி என்று பக்கத்து மாநில விமான நிலையத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ஆனால் நாலு பேரின் ரயில் அல்லது டாக்சி கட்டணத்தையும் கூட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

பட்ஜெட் விமானத்தின் உண்மை விலை

விளம்பரத்தில் காட்டும் விலையில் லக்கேஜ், இருக்கைத் தேர்வு, சாப்பாடு எதுவும் இருக்காது. கையில் 7 கிலோ மட்டும்தான் என்று பல நிறுவனங்கள் கறாராக நிறுத்துப் பார்க்கும். நாலு பேருக்கும் லக்கேஜ் வாங்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு மட்டும் முன்கூட்டியே வாங்கி, எல்லார் துணியையும் அதில் வையுங்கள். விமான நிலையத்தில் போய் வாங்கினால் விலை பல மடங்கு. இவற்றையெல்லாம் கூட்டிய தொகையை, முழுச் சேவை விமானத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். பள்ளி விடுமுறையில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லாமல் போவதும் உண்டு.

நள்ளிரவு விமானம் மலிவு. ஆனால் காலை 6 மணிக்கு இறங்கும் ஊரில் ஹோட்டல் அறை மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். தூங்கி வழியும் பிள்ளைகளுக்காக ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தால் மிச்சம் பிடித்தது போய்விடும்.

விமானம் மாறிப் போகும் பயணத்தில் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்; நாலு பேருக்கும் புது டிக்கெட் வாங்க வேண்டியதுதான். இரண்டு விமானமும் ஒரே விமான நிலையம்தானா என்பதையும் கவனியுங்கள்; பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என இரண்டு இருக்கின்றன.

பணம் கட்டும் முன்

ஒப்பீட்டுத் தளத்தில் தேடுங்கள், விமான நிறுவனத்தின் தளத்திலும் விலை பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை ஒன்று என்றால் நிறுவனத்திடமே எடுங்கள். தேதி மாற்றவும் பணம் திரும்பப் பெறவும் இடையில் ஆள் இருக்காது. அப்படி நேரடியாக எடுத்த டிக்கெட்டை, பயணத்துக்குப் போதிய நாள் இருந்தால், வாங்கியதிலிருந்து குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்ய டி.ஜி.சி.ஏ. விதி இடம் தருகிறது. பணம் திரும்பாத டிக்கெட்டை ரத்து செய்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

கட்டணம் ரூபாயில் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் கார்டு நிறுவனம் கூடுதல் கட்டணம் பிடிக்கும். டிராவல்ஸ் தரும் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். வரி முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கும். விமான டிக்கெட் மட்டும் தனியாக எடுத்தால் அந்தப் பிடித்தம் இல்லை.

ஆக, வரிசை இதுதான்: பாஸ்போர்ட், லீவு ஒப்புதல், விலை ஒப்பீடு, டிக்கெட், விசா, ஹோட்டல். பலர் கடைசியில் செய்யும் லீவு விண்ணப்பத்தை ஜனவரிக்குக் கொண்டுவந்தாலே, மேயில் நாலு பேர் டிக்கெட் கையைக் கடிக்காது. இந்த ஆண்டுக் கோடைக்குப் பிந்திவிட்டீர்கள் என்றால், அடுத்த ஆண்டு தேதியை இப்போதே மேலாளரின் காதில் போட்டு வையுங்கள்.